இணைச்சீருக்கு நின்றவள்

நாமகிரிப்பேட்டை
12-2-1978

அன்புள்ள அத்தைக்கு,

சௌந்திரம் எழுதுகிறேன். நீங்களும் மாமாவும் வீட்டில் மற்றவர்களும் சுகமாக இருக்கிறீர்களா? மழைக்காலத்தில் உங்களுக்கு வந்த முழங்கால் வலி விட்டதா? எங்களுக்கும் சுகம்தான் என்று எழுத ஆசை.

இங்கே சென்னியப்பன் மாமா வீட்டில் மஞ்சள் வெட்டு நடக்கிறது. நான் கொப்பரைக்குப் பக்கத்தில் நின்று வேகவைக்கிறேன். கையெல்லாம் மஞ்சள். அம்மா தம்பி வீட்டில் சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிறாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக நான் இரண்டு ஆள் வேலை செய்கிறேன். வேலை செய்தால் வயிற்றுக்குள் இருக்கும் பிசைவும் தெரிவதில்லை. உட்கார்ந்தால் உடனே வந்துவிடுகிறது.

அம்மா ஜீவனாம்சம் கேட்டு நாமக்கல் கோர்ட்டில் போட்ட வழக்குக்கு அப்பா பதில் கொடுத்துவிட்டார். வக்கீல் படித்துக் காட்டினார். அப்பா வேறு யாரையும் கட்டவில்லையாம். சங்ககிரி வீட்டில் இருப்பது சமையலுக்கு வைத்த ஆளாம். அம்மா கோபித்துக்கொண்டு தானாக வந்துவிட்டாளாம், இப்போது திரும்பி வந்தாலும் வைத்துக்கொள்ளத் தயாராம். இரண்டாம் கல்யாணம் நடந்தது என்று நாங்கள் காட்டினால்தான் அம்மா அங்கே போகாமல் ஜீவனாம்சம் வாங்க முடியும் என்று வக்கீல் சொல்கிறார். காட்ட முடியாவிட்டால் புருஷனோடு போய் இரு என்றுதான் கோர்ட் சொல்லுமாம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "அந்த ஊட்டுக்குப் போறதுக்கு இங்கயே கெணறு இருக்குது" என்றாள். அதற்குப் பிறகு தண்ணீர் எடுக்க அம்மாவை நான் விடுவதில்லை.

என்னையும் சாட்சிக்குக் கூப்பிடலாமாம். அரிசிக்கடையில் எத்தனை படி என்று கேட்டாலே எனக்குக் குரல் வராது, உங்களுக்குத் தெரியும். அதனால் கட்டுத்தறியில் எருமையிடம் சொல்லிப் பழகுகிறேன். எருமை நீதிபதியாக இருந்தால் நான் நன்றாகவே சாட்சி சொல்லுவேன். மென்றுகொண்டே பொறுமையாகக் கேட்கிறது.

எட்டாவதோடு நின்றவள் எழுத்து. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்குத் தெரிந்துதான் எழுதுகிறேன். "உங்க அப்பன் மேல எனக்கு வழக்கு. உங்க அத்தை என்ன பண்ணுவா" என்றாள்.

பதில் எதிர்பார்க்கும்,
சௌந்திரம்

*

ஆட்டையாம்பட்டி
3-3-1978

என் மருமகள் சௌந்திரத்துக்கு,

அத்தை எழுதுவது. உன் கடிதம் கண்டேன். முழங்கால் பரவாயில்லை. நீ சோறு தின்கிறாயா? வயிற்றுப் பிசைவுக்குச் சீரகத்தை வறுத்துத் தண்ணீரில் கொதிக்கவைத்துக் குடி. வெறும் வயிற்றில் கொப்பரைப் பக்கம் நிற்காதே. உன் அம்மா முத்தாயம்மாளையும் கேட்டதாகச் சொல்.

எருமை சமாசாரத்தைப் படித்து நான் தனியாகச் சிரித்தேன். மாமா என்ன என்று கேட்டார், சொல்லவில்லை.

உன்னைச் சிரிக்கவைக்க நானும் ஒன்று எழுதுகிறேன். போன வாரம் கோயிலில் குஞ்சம்மாளைப் பார்த்தேன். எங்கள் பெரியப்பா மகள், உனக்குத் தெரியுமே, கழுத்தில் எப்போதும் இரண்டு சங்கிலி. உன் அப்பா அம்மா கல்யாணத்தன்று எனக்குக் கடும் காய்ச்சல். பாயைவிட்டு எழவில்லை. இணைச்சீருக்கு நான் வரமாட்டேன் என்று முடிவுகட்டி, பங்காளி வீட்டுப் பெண் என்று குஞ்சம்மாளுக்குப் புதுச்சேலையைக் கட்டி நிறுத்திவிட்டார்கள். காதில் விழுந்ததும் நான் எழுந்து போனேன். நடுங்கிக்கொண்டே போய், "அவுருடி சேலைய" என்றேன். அவள் உள்ளே போய் அவிழ்த்துக் கொடுத்த சேலையைக் கட்டிக்கொண்டு அண்ணன் பக்கத்தில் நின்றேன். இத்தனை வருஷம் கழித்தும் அவள் ஊரெல்லாம், "நாச்சிமுத்து அண்ணனுக்கு நான் நிக்க வேண்டியது, விதி" என்று சொல்லிக்கொண்டு திரிகிறாள். கேட்டால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது. கூடப் பிறந்தவள் நான் ஒருத்தி குத்துக்கல் மாதிரி இருக்கிறேன்.

என் பையன் சுப்பையன் உன் அப்பாவின் லாரியில்தான் டிரைவராகப் போகிறான். இப்போது பம்பாய் லைன். இளைத்துவிட்டான்.

உடம்பைப் பார்த்துக்கொள் சாமி.
உன் அத்தை சென்னியம்மாள்

*

நாமகிரிப்பேட்டை
10-4-1978

அன்புள்ள அத்தைக்கு,

சௌந்திரத்தின் வணக்கம். சீரகத் தண்ணீர் குடிக்கிறேன், கொஞ்சம் தேவலை. உங்கள் வீட்டில் எல்லோருக்கும் உடம்பு நன்றாக இருக்கட்டும். பம்பாய்ப் பக்கம் வெயில் அதிகம் என்று சென்னியப்பன் மாமா பேப்பரில் படித்தார்.

குஞ்சம்மாள் கதையை அம்மாவுக்கும் படித்துக் காட்டினேன். அம்மாவும் சிரித்தாள். மணவறையில் இருந்தபடி பார்த்தாளாம், உங்களுக்கு அப்போது கண் சிவந்து கிடந்ததாம். சிரித்து முடித்ததும் அழுதாள்.

போன வாரம் கோர்ட்டுக்குப் போனோம். காலையிலிருந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். பெயரைக் கூப்பிட்டார்கள், உள்ளே போனோம், வாய்தா என்றார்கள், வெளியே வந்தோம். அவ்வளவுதான். அதற்கு அம்மா முதல் நாளிலிருந்தே சாப்பிடவில்லை. பக்கத்தில் இருந்த ஒரு பெண் என்னைக் காட்டி, "இவளுக்கா தீக்கறீங்க, சின்னப் புள்ளயாட்டம் இருக்கறா" என்றாள், விவாகரத்து எனக்கென்று நினைத்துக்கொண்டு. நான் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன்.

அப்பாவும் வந்திருந்தார். எங்கள் பக்கம் பார்க்கவில்லை. ஆனால் டீக்கடைப் பையனிடம் எனக்கு ஒரு கலர் பாட்டில் கொடுத்தனுப்பினார். குடிக்கவும் முடியவில்லை, கீழே வைக்கவும் முடியவில்லை. வாய்தா வரைக்கும் கையிலேயே வைத்திருந்தேன். சூடாகிவிட்டது.

அம்மா தலை வாரினால் சீப்பில் கொத்தாக முடி வருகிறது. விளக்கிய குண்டாவையே திரும்பவும் விளக்குகிறாள். மாமன் சம்சாரம் செல்லாயி முதலில் பாவம் என்றாள். இப்போது சாம்பல் தீர்ந்துபோகிறது என்கிறாள். படுக்கும்போது அம்மாவின் முந்தானையை என் தாவணியோடு முடிந்துகொண்டு படுக்கிறேன். எழுந்தால் எனக்குத் தெரியட்டும் என்று.

கல்யாணத்தை நேரில் பார்த்த ஒருவராவது வேண்டும் என்கிறார் வக்கீல். மகள் சொன்னால் அம்மா சொல்லிக்கொடுத்தது என்பார்களாம். ஊரில் எல்லோருக்கும் தெரிகிறது, கேட்டால் யாருக்கும் தெரியவில்லை.

உங்களுக்கு ஏதாவது தெரியுமா அத்தை?

சௌந்திரம்

*

ஆட்டையாம்பட்டி
2-5-1978

சௌந்திரத்துக்கு அத்தை ஆசீர்வாதம்.

இங்கு அனைவரும் நலம். உங்கள் சுகத்துக்கு எழுதவும். வெயில் தாங்கவில்லை. கிணற்றில் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போய்விட்டது. மாரியம்மன் பண்டிகைக்குச் சாட்டியிருக்கிறார்கள். கறவை மாடு கன்று போட்டது, கிடாரி. சுப்பையன் வந்து போனான்.

அம்மாவை எண்ணெய் தேய்த்துக் குளிக்கச் சொல்.

வேறு விசேஷம் இல்லை.
அத்தை

*

நாமகிரிப்பேட்டை
25-5-1978

அன்புள்ள அத்தைக்கு,

கிடாரிக் கன்று பிறந்தது கேட்டுச் சந்தோஷம். நாங்கள் எல்லோரும் நடமாடிக்கொண்டு இருக்கிறோம்.

இதை எழுதலாமா வேண்டாமா என்று நான்கு நாளாக யோசித்தேன்.

வக்கீல் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். நம் வழக்கம் எதுவும் அவருக்குத் தெரியாது. பேச்சு வாக்கில் சென்னியப்பன் மாமா அவரிடம் இணைச்சீரைப் பற்றிச் சொன்னார். தாலி கட்டும் முன்னால் மாப்பிள்ளையின் கூடப் பிறந்தவளுக்குப் புதுச்சேலை கொடுத்து அவனோடு இணையாக நிறுத்திச் செய்வது, அவள் வயிற்றுப் பையனுக்கு இவன் பெண் என்று வாக்குக் கொடுக்கிற மாதிரி, அது இல்லாமல் எங்களில் எவனும் தாலி கட்ட மாட்டான் என்றார். வக்கீல் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அவருக்குக் கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர்?" என்று கேட்டார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அத்தைக்குக் கடிதம் எழுதுகிறவள் நான்தானே.

போன ஆவணியில், மலையடிக் கோயிலில் முகூர்த்தம் நடந்தது என்கிறார்களே, அன்றைக்கு நீங்கள் எங்கே இருந்தீர்கள் அத்தை? எனக்கு மட்டும் சொல்லுங்கள் என்று எழுத மனம் வருகிறது. எனக்கு மட்டும் சொன்னால் போதாது.

உங்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அம்மாவுக்கு என்னோடு பிள்ளைப்பேறு நின்றுவிட்டது. அண்ணனுக்கு ஒரு பையன் வேண்டும் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். எனக்கு அது புரிகிறது. நேற்று அம்மா கிணற்று மேட்டில் உட்கார்ந்திருந்தாள். காற்று வாங்குகிறேன் என்றாள். காற்றே இல்லை.

உங்கள் பதில் வரும்வரை
சௌந்திரம்

*

நாமகிரிப்பேட்டை
30-6-1978

அன்புள்ள அத்தைக்கு,

உங்களுக்கு உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று பயமாக இருக்கிறது. என் கடிதம் கிடைத்ததா? தபால்காரர் தெருவில் திரும்பும்போதே என்னைப் பார்த்துக் கையை ஆட்டிவிடுகிறார், இல்லை என்று.

புது மஞ்சள் நட்டாகிவிட்டது. களை எடுக்க நான்தான் போகிறேன். குனிந்து வேலை செய்தால் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை.

உங்களுக்குக் கோர்ட்டிலிருந்து சம்மன் வரும். நீங்கள் பயந்துவிடக் கூடாது என்று முன்னாலேயே எழுதுகிறேன்.

சௌந்திரம்

*

ஆட்டையாம்பட்டி
20-7-1978

சாமி சௌந்திரம்,

நலம். நலமா.

சம்மன் வந்தது. அமீனா வாசலில் நின்று பெயரைச் சத்தமாகப் படித்தார். தெருவே பார்த்தது. மாமா அன்றைக்குச் சாப்பிடவில்லை.

உன் அப்பா அன்று மாலையே வந்தார். என் அண்ணன் என் வீட்டுக்கு வந்து இரண்டு வருஷம் ஆயிற்று. பூவும் பழமும் வாங்கிக்கொண்டு வந்தார். சுப்பையனுக்கு அடுத்த லாரியில் பங்கு தருவதாகச் சொன்னார். போகும்போது, "நீ ஒருத்திதான் எனக்கு" என்றார்.

எங்கள் அப்பா செத்தபோது எனக்கு ஆறு வயது. என்னை வளர்த்துக் கட்டிக்கொடுத்தது அவர்தான். நீ பிறந்த அன்று சேதி வந்தபோது நான் சுப்பையனை இடுப்பில் வைத்திருந்தேன். பொண்டாட்டி பொறந்துட்டாடா என்று அவன் வாயில் சர்க்கரை போட்டேன். அந்த நினைப்பு எனக்கு மாறவில்லை. வழக்கு ஒரு பக்கம் போகட்டும். நீ என் வீட்டுக்கு வர வேண்டியவள்.

கோர்ட்டுக்கு வருவேன். எனக்கு ஒன்றும் தெரியாது என்றுதான் சொல்லுவேன். அப்போது என் முகத்தைப் பார்க்காதே.

அத்தை

*

நாமகிரிப்பேட்டை
28-8-1978

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதத்தை அம்மாவுக்குக் காட்டவில்லை. சுகம் என்று எழுதியிருப்பதாக மட்டும் சொன்னேன். காட்டாததற்கு ஒரே காரணம்தான். அம்மா இரண்டு நாளாகத் தூங்குகிறாள். நீங்கள் கோர்ட்டுக்கு வருகிறீர்கள் என்று வக்கீல் சொல்லி அனுப்பியதைக் கேட்டதும் தூக்கம் வந்துவிட்டது அவளுக்கு. "சென்னியம்மா பொய் சொல்ல மாட்டா" என்கிறாள்.

நேற்று வக்கீல் வீட்டுக்குப் போனோம். வழக்கம்போல மாமா பேசினார், அம்மா தரையைப் பார்த்தாள். கிளம்பும்போது, செருப்புப் போட்டுக்கொண்டிருந்த இடத்தில், நான் வக்கீலிடம் ஒரு வார்த்தை பேசினேன். தானாக அவரிடம் பேசியது அதுதான் முதல் தடவை. அவருக்கே ஆச்சரியம். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன்.

என்ன சொன்னேன் என்று உங்களுக்கு எழுத முடியவில்லை.

உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டாம் என்றீர்கள். பார்க்காமல் இருக்க எனக்குத் தெரியாது அத்தை.

வெயிலில் வருகிறீர்கள். வரும்போது குடிக்கத் தண்ணீர் கொண்டு வாருங்கள். அங்கே பானைத் தண்ணீர் நன்றாக இருக்காது.

சௌந்திரம்

*

நாமகிரிப்பேட்டை
14-9-1978

அன்புள்ள அத்தைக்கு,

வீடு போய்ச் சேர்ந்தீர்களா? உடம்பு எப்படி இருக்கிறது? கோர்ட்டிலிருந்து மாமா உங்களை வேகமாகக் கூட்டிக்கொண்டு போனதைப் பார்த்தேன். உங்கள் செருப்பு ஒன்று படியிலேயே கிடந்தது. எடுத்து வைத்திருக்கிறேன்.

நீங்கள் கூண்டில் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றீர்கள். பின்னால் நடந்தது உங்களுக்குத் தெரிந்திருக்காது. அதனால் எழுதுகிறேன்.

நீங்கள், "அன்னைக்கு நான் எங்கூட்டுலதானுங்க இருந்தேன். எங்கண்ணன் யாரையும் கட்டலீங்க" என்றபோது அம்மா என் கையைப் பிடித்திருந்த பிடியை விட்டாள். அவ்வளவுதான் செய்தாள். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு எனக்குக் கிணறுதான் ஞாபகம் வந்தது.

நம் வக்கீல் நீதிபதியிடம் அனுமதி வாங்கிக்கொண்டு மெதுவாகக் கேட்டார். "சரிம்மா. நீங்கள் போகவில்லை. அப்படியானால் இணைச்சீருக்குக் குஞ்சம்மாள்தான் நின்றாரா?"

"எந்தக் குஞ்சம்மா?" என்றீர்கள்.

"உங்கள் பெரியப்பா மகள். நாச்சிமுத்து அண்ணனுக்கு நான்தான் நிற்க வேண்டியவள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாராமே. கூடப் பிறந்தவள் இல்லாத இடத்தில் அவர்தானே நிற்க வேண்டும்?"

அப்பாவின் வக்கீல் எழுந்துவிட்டார். அதற்குள் உங்கள் கை கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டது. வளையல் உரசிய சத்தம் எனக்குக் கேட்டது.

"அவளா? நான் உசுரோட இருக்கயில எங்கண்ணன் பக்கத்துல அவ நிப்பாளா? ரெண்டு தரமும் நாந்தானுங்க நின்னேன்."

அத்தை, அந்தச் சமயம் அப்பாவைப் பார்த்தேன். கோபமாக இருப்பார் என்று நினைத்தேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கதவைப் பார்த்தார். நீங்கள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டீர்கள். கோர்ட்டில் ஒருவர் இருமினார். நீதிபதி எழுதிக்கொண்டே இருந்தார்.

வெளியே வந்ததும் அம்மா வேப்பமரத்தடியில் உட்கார்ந்து இட்லி கேட்டாள். சென்னியப்பன் மாமா வாங்கி வந்தார். அவள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

என்னைச் சாட்சிக்குக் கூப்பிடவில்லை. தேவைப்படவில்லை என்றார் வக்கீல்.

எப்படியாவது இரண்டு வரி எழுதுங்கள்.

சௌந்திரம்

*

நாமகிரிப்பேட்டை
20-11-1978

அன்புள்ள அத்தைக்கு,

மாமாவுக்கும் உங்களுக்கும் வீட்டில் இருப்பவருக்கும் வணக்கம்.

தீர்ப்பு வந்துவிட்டது. அப்பா மாதாமாதம் கோர்ட்டில் பணம் கட்ட வேண்டும். அம்மா அந்த வீட்டுக்குப் போக வேண்டியதில்லை. இப்போது அவளே தண்ணீர் எடுக்கப் போகிறாள். நான் கொஞ்ச தூரம் பின்னால் போய் நின்றுவிட்டுத் திரும்பிவிடுகிறேன். முடி கொட்டுவது நிற்கவில்லை. தூக்கம் வருகிறது.

ஜெயித்தால் எல்லோரும் சந்தோஷமாக இருப்பார்கள் என்று நினைத்திருந்தேன். வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. எனக்கு அந்த வயிற்றுப் பிசைவு வேலை செய்யும்போதும் வருகிறது.

சங்ககிரியிலிருந்து வந்த ஒருவர், அப்பா லாரிக்கு வேறு டிரைவர் போட்டிருப்பதாகச் சொன்னார். உண்மையா? முன்னால் ஓட்டியவர் இப்போது எங்கே வேலை செய்கிறார்?

தீபாவளிக்கு உங்களுக்கு ஒரு கடிதம் போட்டேன். அதற்கு முன்னால் ஒன்று. செருப்பை யாரிடமாவது கொடுத்தனுப்பட்டுமா?

சௌந்திரம்

*

ஆட்டையாம்பட்டி
22-1-1979

சௌந்திரத்துக்கு,

உன் கடிதங்கள் எல்லாம் கிடைத்தன. வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது, அதனால் எழுதவில்லை. கொல்லையில் வழுக்கி விழுந்துவிட்டேன். இப்போது தேவலை. எழுத்துக் கோணலாக இருக்கும்.

பொங்கல் ஆயிற்று. இந்த வருஷம் அண்ணன் வீட்டுச் சீர் வரவில்லை. இனி வராது. மாமா ரொம்ப நாள் பேசாமல் இருந்தார், இப்போது பேசுகிறார். சுப்பையன் வேறு ஒருவரிடம் கிளீனராக ஏறியிருக்கிறான். டிரைவர் வேலை காலியாகும்போது தருகிறார்களாம். அவனுக்கு மல்லசமுத்திரம் பக்கம் பெண் பார்த்திருக்கிறோம். மாசியில் கல்யாணம். உங்களுக்குப் பத்திரிகை வராது. வந்தாலும் வர வேண்டாம்.

செருப்பை அங்கேயே போட்டுவிடு. உன் அம்மா நன்றாகச் சாப்பிடட்டும். அவளுக்கு நான் இரண்டு கெடுதல் செய்தேன். கோயிலில் நின்றது ஒன்று. நிற்கவில்லை என்று சொல்ல வந்தது ஒன்று.

மாமா ஒரு நாள் என்னிடம் கேட்டார். தஞ்சாவூர்க்கார வக்கீலுக்குக் குஞ்சம்மா பேச்சு எப்படித் தெரியும், யார் போய்ச் சொன்னது என்று. ஊருக்குள் ஆள் விட்டு விசாரித்திருப்பார், வக்கீல் என்றால் அதுதானே வேலை என்றேன். உன் அப்பாவும் ஆள் அனுப்பிக் கேட்டார். அவருக்கும் அதையே சொன்னேன். உன்னைக் கட்டிக்கொடுக்கிற வயதில் இந்தப் பேச்சு எழக் கூடாது. யார் கேட்டாலும் நீயும் அதையே சொல்லு. சொல்லும்போது வழக்கம்போலத் தலையைக் குனியாதே. குனிந்தால் தெரிந்துவிடும்.

இதற்குப் பதில் போட வேண்டாம்.

சென்னியம்மாள்